பாதி அட்டை

போன மாதம் எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு அறுபது தாண்டியிருக்கும். "நீர்க்கடுப்பு தம்பி, மூணு நாளைக்கு ஏதாவது குடு" என்றார். கடைப் பையன் யோசிக்கவில்லை. பின்னால் கையை நீட்டி ஒரு டப்பாவிலிருந்து அட்டையை உருவினான், மேசையில் நூல் கட்டிக் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தான். கறுக், கறுக் என்று இரண்டு வெட்டு. ஆறு மாத்திரை தனியாக வந்தது.

வெள்ளித் தாளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அறுபடுகிற அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்யும். சென்னைக்கு வந்து இத்தனை வருஷமாகியும் ஒரு நொடியில் அம்பாசமுத்திரத்துக் கடைத்தெருவில், பாவாடை தாவணியோடு, கையில் பத்து ரூபாய் நோட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அத்தைக்காகத்தான் அன்றைக்கு நின்றேன். அப்பாவின் தங்கை. கல்யாணமாகாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஒன்பது வயதில் தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்திருக்கிறது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்புளிக்கச் சொல்லியிருக்கிறாள் ஆச்சி. தொண்டை சரியாகி மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது, பிறகு கணுக்கால், பிறகு மணிக்கட்டு. வாதக்காய்ச்சல் என்று எண்ணெய் தடவினார்கள். மூட்டு வீக்கம் வந்த வழியே போய்விட்டது. இதயத்துக்குள் இருக்கிற வால்வைச் சுருக்கிவிட்டுத்தான் போயிருக்கிறது என்பது இருபது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியபோது தெரிந்தது. அந்தத் தொண்டைவலிக்குப் பத்து நாள் பெனிசிலின் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆண்டிபயாட்டிக் கிடைக்காமல் வந்த நோய் அவளுடையது. பிற்பாடு ஒரு ஆண்டிபயாட்டிக் கிடைத்ததும் வேறு விதமாய்ப் போனது. அதற்குத்தான் வருகிறேன்.

தெற்கத்திக்காரர்களுக்கு அப்போது இதய ஆபரேஷன் என்றால் மெட்ராஸ் தூரம், திருவனந்தபுரம் பக்கம். அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானும் அவரோடு இருந்தவர்களும் நம் நாட்டிலேயே செயற்கை வால்வு செய்யப் பல வருஷம் மல்லுக்கட்டினார்கள். மூன்று மாதிரிகள் தோற்று நாலாவது நின்றது. 1990 டிசம்பரில் முதல் ஆளுக்கு அதைப் பொருத்தினார்கள். 'சித்ரா வால்வு' என்பார்கள். உலோகக் கூட்டுக்குள் சாய்ந்து சாய்ந்து திறக்கிற ஒரு பிளாஸ்டிக் தட்டு. அது வந்து சில வருஷம் கழித்து அத்தைக்கும் அதுதான் வைத்தார்கள்.

பிளாஸ்டிக் தட்டு என்பதால் சத்தம் குறைவு என்று சொல்வார்கள். பகலில் உண்மைதான். ராத்திரி பாயில் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியும். கரண்டு போய் மின்விசிறி நின்றுவிட்ட இரவுகளில் தலையணைக்கடியில் கைக்கடிகாரம் வைத்ததுபோல டிக், டிக், டிக் என்று கேட்கும். முதலில் பயமாக இருந்தது. பிறகு அது கேட்காமல் தூக்கம் வராது என்றாகிவிட்டது.

வால்வோடு கூடவே ஒரு மாத்திரையும் வீட்டுக்கு வந்தது. உடம்புக்குள் வைத்த அந்நியப் பொருளின் மேல் ரத்தம் கட்டியாகப் படியப் பார்க்கும். படிந்தால் தட்டு அசையாது, அல்லது கட்டி உடைந்து மூளைக்குப் போகும். அதைத் தடுக்க ஆயுள் முழுக்க மாத்திரை. அசிட்ரோம் என்று அட்டையில் எழுதியிருக்கும். 'ரத்தத்தை இளக்குற மாத்திரை' என்று ஊரில் சொல்வார்கள். இளக்குவதெல்லாம் இல்லை. ரத்தம் அதே கெட்டியோடுதான் ஓடும், உறைவதுதான் தாமதமாகும். கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துக்கொண்டு ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைச் செய்கிறது. ஒருமுறை உபயோகித்த வைட்டமின் கே-யைத் திரும்பவும் புதுசாக்கி எடுத்துக்கொள்வது அதன் வழக்கம். இந்த மாத்திரை அப்படிப் புதுசாக்குகிற இடத்தில் கையைப் பிடித்துக்கொள்கிறது.

எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதில்தான் வாழ்க்கை முழுக்கப் பாடு. ரத்தம் உறைய ஆகிற நேரத்தை ஒரு எண்ணாக்கித் தருவார்கள், ஐ.என்.ஆர். என்று. மாத்திரை சாப்பிடாத உங்களுக்கும் எனக்கும் அது 1. அத்தையின் வால்வுக்கு இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு 'எண்' என்றே பெயர். "செவ்வாக்கிழமை எண் பாக்கப் போணும்" என்பாள் அத்தை. ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் திருநெல்வேலி போய், அங்கிருந்து பாளையங்கோட்டை லேபுக்கு.

தீபாவளிக்கு அதிரசப் பாகு காய்ச்சுகிறபோது அத்தை இதை எனக்கு விளக்கினாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு விரலால் உருட்டிக் காட்டினாள். "பதம் முந்தினா எண்ணெயில போட்டதும் விரிஞ்சு போவும். பிந்தினா கல்லாயிரும். எனக்கு உள்ள ஓடுத ரத்தமும் இப்படித்தாம்ட்டி. எப்பவும் இந்தப் பதத்துலயே நிக்கணும்." டாக்டர்கள் சொன்ன எதையும்விட எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் கணக்கு அதில்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 2 மில்லிகிராம், 3 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததிலிருந்து அத்தையும் அதே கட்டங்களில் மாத்திரை அளவை எழுத ஆரம்பித்தாள். மாதக் கடைசியில் பால்காரர் கணக்குப் பார்க்க வந்து, "எக்கா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூணு லிட்டர் வாங்கியிருக்கிய, துட்டு மட்டும் அர லிட்டருக்குத் தாரிய" என்று சண்டைக்கு நின்றது எங்கள் வீட்டில் பல வருஷம் சிரிப்பாக ஓடியது. அதன் பிறகு பாலுக்குப் பென்சில், மாத்திரைக்குச் சிவப்பு மை.

கீரை விஷயம் இன்னொரு கூத்து. கீரையில் வைட்டமின் கே நிறைய. மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, கீரை எதிர்ப்பக்கம் இழுக்கும். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் "கீரையத் தொடாத" என்று அத்தையை மிரட்டிவிட்டுப் போனார்கள். திருவனந்தபுரத்து டாக்டரம்மா சொன்னது வேறு. சாப்பிடலாம், எல்லா வாரமும் ஒரே அளவு சாப்பிட வேண்டும். ஒரு வாரம் விருந்து, மறு வாரம் விரதம் என்று இருக்கக் கூடாது. அதனால் எங்கள் வீட்டில் வியாழக்கிழமை முருங்கைக்கீரை என்பது மழையானாலும் கல்யாண வீடானாலும் மாறாத சட்டமாயிற்று. பெனிசிலின்கூட ஊசியாக வேண்டாம், இடுப்புச் சதையில் ரத்தம் கட்டும் என்று காலையும் மாலையும் மாத்திரையாகத்தான் கொடுத்தார்கள். பழைய நோய் திரும்பாமலிருக்க அதை வருஷக்கணக்காகச் சாப்பிட்டாள். எண் அசையவே இல்லை. ஆண்டிபயாட்டிக் என்றால் எல்லாம் இப்படித்தான் போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் பத்தாம் வகுப்பு. அரைப் பரீட்சை நேரம். அப்பா ஊரில் இல்லை. அத்தைக்கு இரண்டு நாளாக நீர்க்கடுப்பு, கூடவே குளிர்காய்ச்சல். கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. அந்த வாரம் வியாழக்கிழமை கீரையும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால் பின்னால் அதற்கும் ஒரு பங்கு இருந்தது. "எட்டி, கடையில போயி நீர்க்கடுப்புக்குன்னு கேளு. அஞ்சு நாளைக்கு வாங்கு" என்று நோட்டை நீட்டினாள்.

கடைக்காரர் நல்ல மனுஷர். யாருக்கு, எத்தனை வயசு என்று கேட்டார். வேறு வியாதி ஏதும் உண்டா என்று கேட்டாரா இல்லையா என்பது எத்தனை யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஒன்று மட்டும் தெரியும். கேட்டிருந்தாலும் 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பேன். எங்களைப் பொறுத்தவரை அத்தைக்கு வியாதி இருந்தது, ஆபரேஷனில் சரியாகிவிட்டது, அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போடுகிற மாத்திரை எங்களுக்கு விளக்கேற்றுவது மாதிரி ஒரு வழக்கமாகியிருந்தது. அதைப் போய் யாராவது வியாதி என்று சொல்வார்களா.

முழு அட்டை இல்லை என்று நாலும் ஆறுமாக இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்தார். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, கடுப்பு நின்றது. "நல்ல மாத்திர வாங்கிட்டு வந்தட்டி" என்று என்னைப் பாராட்டினாள். நானும் பெருமையாகப் பரீட்சைக்குப் போனேன்.

இந்த விவகாரத்தின் கள்ளத்தனமே இதுதான். உடனே எதுவும் தெரியாது. ரத்தத்தில் ஏற்கெனவே செய்து வைத்த உறைபுரதங்கள் சில மணிக்கணக்கில் தீரும், சில தீர இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஆகும். நோய் தெளிந்து, மருந்து கொடுத்தவரை வாழ்த்திக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் அடியில் கிணறு வற்றிக்கொண்டிருக்கும்.

நாலாம் நாள் காலையில் ஈறில் ரத்தம் வந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ரோஸ் நிறப் பல்பொடி. துப்புகிற எச்சில் எல்லாருக்குமே சிவப்பாகத்தான் இருக்கும். யாரும் கவனிக்கவில்லை. அன்று மத்தியானம் முன்கையில் கத்திரிக்காய் நிறத்தில் உள்ளங்கையளவு கன்றியிருந்தது. கிணற்றுச் சுவரில் இடித்திருப்பேன் என்றாள். மறுநாள் காலை சிறுநீர் பீட்ரூட் தண்ணீர் மாதிரி போனதை எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிட்டாள். சாயங்காலம் குனிந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது மூக்கிலிருந்து சொட்டியது. எண்ணெய்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு, கோலத்தில் ஒரு சொட்டு. நிற்கும் என்று அண்ணாந்து படுத்தாள். ஒரு மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. வெள்ளைத் துண்டு ஒன்று முழுக்க நனைந்து இரண்டாவதும் பாதி ஆனபோது அம்மா பக்கத்து வீட்டு மாமாவை எழுப்பி அம்பாசடர் கார் பிடிக்கச் சொன்னாள்.

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி. ராத்திரி டூட்டியில் இருந்தவர் சின்ன வயசு டாக்டர். நெஞ்சில் குழாயை வைத்ததும் வால்வு என்று தெரிந்துகொண்டார். "அசிட்ரோம் சாப்பிடுதீங்களா? அளவு ஏதும் கூட்டினீங்களா?" இல்லை. "வேற புதுசா என்ன மாத்திர சாப்பிட்டீங்க?" நீர்க்கடுப்புக்கு ஒன்று. பேர்? அத்தைக்குத் தெரியாது. அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது.

அத்தைக்கு ஒரு பழக்கம். மாத்திரை சாப்பிடச் சாப்பிட அட்டையின் காலி அறைகளைக் கத்தரித்து எறிந்துவிடுவாள், பெட்டி குப்பையாகக் கூடாதென்று. சுருக்குப் பையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு அறை, ஒரே ஒரு மாத்திரை. டாக்டர் அதை வாங்கித் திருப்பி விளக்குக்கு நேரே பிடித்தார். பின்பக்கத்து வெள்ளித் தாளில் கத்தரிக்கோல் போன வழியில் ஒரு பாதிச் சொல் நின்றிருந்தது. 'ட்ரைமெத்'. அதற்கு மேல் இல்லை. அவருக்கு அது போதுமாயிருந்தது. ட்ரைமெத்தோப்ரிமும் சல்ஃபாமெத்தாக்சசோலும் சேர்ந்த மாத்திரை, கோ-ட்ரைமாக்சசோல். அத்தையின் மாத்திரையோடு சேர்க்கவே கூடாத ஆண்டிபயாட்டிக்குகளில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது. "இத யாரு குடுத்தா?" என்று அவர் கேட்டதற்கு நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பதிமூன்று நொடிக்குள் உறைய வேண்டியது 120 நொடி தாண்டியும் தண்ணீராக நின்றது. லேப்காரர் அதற்கு மேல் எண்ணவில்லை. எண் போட வேண்டிய இடத்தில் கோடு போட்டிருந்தார்.

அன்று இரவு நான் கற்றுக்கொண்டது, கூடினால் குறைத்துவிடலாம் என்கிற எளிய கணக்கு உலோக வால்வுக்காரர்களுக்குக் கிடையாது என்பது. மாற்று மருந்து வைட்டமின் கே ஊசிதான். "நெறையப் போட்டா ரத்தம் நின்னுரும். கூடவே வால்வும் நின்னுரும்" என்றார் டாக்டர். அதனால் துளியளவு வைட்டமின் கே மட்டும் கொடுத்து, மீதியைப் பிளாஸ்மா ஏற்றிச் சரிக்கட்டினார்கள். உறைந்து கட்டியாக வந்த பையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு உருக்குவார்கள். உருகியதும் வைக்கோல் நிறத்தில், நீராகாரத்துக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்தது மாதிரி இருக்கும். நாலு பை. ஒவ்வொரு பை ஏறும்போதும் நான் அந்தத் துண்டையும் வால்வுச் சத்தத்தையும் மாறி மாறிக் கவனித்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் துண்டில் புதுச் சிவப்பு இல்லை. மூன்றாம் நாள் எண் 3.4 என்று வந்தது.

அந்த மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தேன். "அத்த, நான்தான் வாங்கிட்டு வந்தேன்."

"நான் சொல்லித்தானட்டி வாங்குன" என்றாள். பிறகு, "பரீட்ச எப்படி எழுதின?" என்று கேட்டாள்.

டிஸ்சார்ஜ் ஆகிறபோது டாக்டர் லேப் ரிப்போர்ட்டின் பின்பக்கம் ஒரு கல்லீரலை வரைந்தார். அசிட்ரோம் வேலை முடிந்ததும் அதை உடைத்து வெளியேற்ற ஒரு நொதி இருக்கிறது. சிப் 2சி9 என்று அதற்குப் பெயர். சல்ஃபா மாத்திரை வந்து அந்த நொதியைத் தடுத்துவிடும். அசிட்ரோம் உடையாமல் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். நாம் சாப்பிடுவது அதே 2 மில்லிகிராம்தான், உள்ளே இருப்பது வேறு அளவு. இது போதாதென்று ஆண்டிபயாட்டிக் குடலிலிருக்கிற நல்ல கிருமிகளையும் கொல்லும். அவற்றில் சில வைட்டமின் கே தயாரிப்பவை. கூடவே காய்ச்சல், பட்டினி, கீரையில்லாத வியாழக்கிழமை. எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்து வந்தன.

அத்தை இதை ஊர்ப் பெண்களுக்குச் சொன்ன விதம் வேறு. "ரெண்டு வீட்டுக்கு ஒரே அம்மி. அவ மசாலா அரைச்சு முடியுதவரைக்கும் நம்ம மசாலா அப்படியே கெடக்கும்லா? அதாம்."

எல்லா ஆண்டிபயாட்டிக்கும் ஒரே மாதிரி இல்லை. பேதி என்றால் நம் ஊரில் எல்லார் வாயிலும் வருகிற மெட்ரோனிடசோல் கோ-ட்ரைமாக்சசோலுக்குச் சளைத்ததில்லை. படர்தாமரைக்கும் வாய்ப்புண்ணுக்கும் தருகிற ஃப்ளுகோனசோல் ஆண்டிபயாட்டிக் இல்லை, பூஞ்சைக்கான மருந்து, ஆனால் அதே வேலையைச் செய்யும். சிப்ரோஃப்ளாக்சசினும் எண்ணை ஏற்றக்கூடியதுதான். பெனிசிலின் வகைகள் பெரும்பாலும் சாது. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். காய்ச்சலும் சாப்பிடாததும் சேர்ந்தால் எதுவும் எண்ணை ஆட்டிவிடும்.

லேப் வாசலில் ஒரு நீள பெஞ்சு. மாதம் தவறாமல் அதே முகங்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன், லாரி கிளீனர், அவனும் வால்வு. அவனுக்கு டி.பி. வந்து ரிஃபாம்பிசின் ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாளே சிவப்பாகச் சிறுநீர் போகிறது என்று அலறிக்கொண்டு லேபுக்கு வந்துவிட்டான். அத்தை கதை பெஞ்சு முழுக்கப் பரவியிருந்த நேரம். ஆனால் அந்தச் சிவப்பு மருந்தின் நிறம். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூடச் செம்மஞ்சளாகும். ரத்தம் ஒழுகுகிறது என்று அவன் நடுங்கியது வீண், அவனுடைய ஆபத்து நேர் எதிர்த்திசையில் இருந்தது. இந்த ஒரு ஆண்டிபயாட்டிக் கல்லீரலில் அம்மிகளை அதிகமாக்கிவிடும். அசிட்ரோம் வந்த வேகத்தில் அரைபட்டுப் போகும். அடுத்தடுத்த வாரங்களில் அவன் எண் 1.3-க்கு இறங்கியது, வால்வு அடைத்துக்கொள்ளும் எண் அது. மாத்திரை அளவைப் படிப்படியாக ஏற்றி இரண்டு மடங்குக்கு மேல் கொண்டுபோனார்கள். டி.பி. மருந்து முடிந்தபிறகு அதே அளவில் விட்டால் இந்தப் பக்கம் ஆபத்து, மறுபடி வாராவாரம் எண் பார்த்து இறக்க வேண்டும். வந்தான், இறக்கினார்கள். அவன் கல்யாணத்துக்கு பெஞ்சிலிருந்து நாலு பேர் போனோம்.

கல்லூரியில் படிக்கும்போதுதான் இந்த மாத்திரைக் குடும்பத்தின் பூர்வீகம் தெரிந்தது. 1920-களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும் கனடாவிலும் பூசணம் பிடித்த ஸ்வீட் க்ளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் கொம்பு சீவினால்கூட ரத்தம் நிற்காமல் செத்தன. 1933 பிப்ரவரியில் விஸ்கான்சினில் ஒரு விவசாயி செத்த கிடேரியையும், பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன வைக்கோலையும் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் மேடிசன் நகரப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் அதையெல்லாம் இறக்கி வைத்தார். அந்த வைக்கோலுக்குள் இருந்த பொருளைத் தனியே பிரிக்க ஆறு வருஷம் பிடித்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் முதலில் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. மனிதர்களுக்குக் கொடுத்தது அதற்குப் பிறகுதான். 1955-இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே அதைக் கொடுத்தார்கள். அத்தையின் அசிட்ரோம் வார்ஃபரினுக்கு நெருங்கிய சொந்தம். இன்றைக்குக் கடையில் விற்கிற சில எலிக்கட்டிகளில் இருக்கிற ப்ரோமடியோலோனும் அதே வம்சம்தான்.

லீவுக்கு வந்து தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். அத்தை அசரவில்லை. "அப்ப எலி மருந்தத் தின்னுட்டுல்லா நான் உசுரோட இருக்கேன்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்த மருந்து என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த இரவுக்குப் பிறகு வீட்டில் சில சட்டங்கள் மாறின. அப்பா ஒரு தடித்த காகிதத்தில் சிவப்பு மையால் எழுதி பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தார். 'இதய வால்வு மாற்றப்பட்டவர். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறார். புதிய மாத்திரை எதுவும் கேட்காமல் தரக் கூடாது. சதையில் ஊசி போடக் கூடாது.' அது சுருக்குப் பையில் வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவே இருக்கும், ஓரமெல்லாம் சுண்ணாம்புக் கறை. எந்த டாக்டர் ஆண்டிபயாட்டிக் எழுதினாலும் "இது எண்ண ஏத்துமா, எறக்குமா?" என்று கேட்பாள். ஆரம்பித்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு எண் பார்ப்பாள். மருந்து முடிந்து ஒரு வாரத்தில் இன்னொரு எண். அட்டையைக் கத்தரிப்பது அறவே நின்றது. காலி அட்டைகளை அடுத்த மாதம் எண் பார்க்கும்வரை பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள்.

இப்போது ஆண்டிபயாட்டிக் அட்டைகளின் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு வருகிறது, டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்று. 2016-இல் அதற்கு அரசாங்கப் பிரசாரமே நடந்தது. கத்தரிக்கோல் அந்தக் கோட்டையும் சேர்த்துத்தான் வெட்டுகிறது.

அண்ணனுக்கு மூன்று வருஷமாக இதயத் துடிப்பு ஒழுங்கில்லை. அவன் சாப்பிடுவது புது வகை, அபிக்ஸபான். எண் பார்க்க வேண்டாம், கீரைக் கணக்கு வேண்டாம். ஊருக்குப் போகும்போதெல்லாம் அத்தை முன்னால் உட்கார்ந்து இரண்டு தடவை கீரை போட்டுச் சாப்பிட்டு வெறுப்பேற்றுவான். எனக்கும் அதையே எழுதித் தாங்க என்று அத்தை ஒருமுறை டாக்டரிடம் மல்லுக்கு நின்றாள். உலோக வால்வுக்கு அது ஆகாது. இந்தப் புதுவகையில் ஒன்றான டபிகாட்ரானை வால்வுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள், ரத்தக்கட்டியும் கூடியது, ரத்தப்போக்கும் கூடியது. அண்ணனும் முழுசாகத் தப்பவில்லை. கிளாரித்ரோமைசின் அவன் மருந்தை ஏற்றும், ரிஃபாம்பிசின் வெகுவாக இறக்கும். எண் பார்க்கிற வழக்கமே இல்லாததால் அவனுக்கு அது தெரியவும் தெரியாது. அத்தைதான் அவனுக்கும் ஒரு சிவப்பு மை அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறாள். பர்ஸில் வைத்திருக்கிறானா என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சோதனை நடக்கும்.

மருந்துக் கடைக்கு வருகிறேன். ஆறு மாத்திரையை உறையில் போடப் போன பையனைக் கை காட்டி நிறுத்தி, அந்தப் பெரியவரிடம், "ஐயா, ரத்தம் உறையாம இருக்க ஏதும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஹார்ட்டுக்கு ஒண்ணு சாப்பிடுறேம்மா. பேரு தெரியாது. வெள்ளையா சின்னதா இருக்கும்." வெள்ளையாகச் சின்னதாக இருப்பவை கடையில் நூறு இருக்கும். வீட்டுக்குப் போன் போடச் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து எழுத்து எழுத்தாகப் படித்தார், பையன் இந்தப் பக்கம் எழுத்துக் கூட்டினான். அம்லோடிபின். ரத்த அழுத்த மாத்திரை, வேறொன்றும் இல்லை. பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். பெரியவர் காசைக் கொடுத்துவிட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போனார்.

ராத்திரி அத்தைக்குப் போன் செய்து சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "வெட்டிக் குடுத்த துண்டுல பேரு இருந்துச்சா?" என்றாள். பார்க்கவில்லை என்றேன். "அதப் பாக்காம என்னத்தப் பாத்த" என்று திட்டினாள்.

அத்தைக்கு இப்போது அறுபத்தொன்பது நடக்கிறது. போன செவ்வாய்க்கிழமை பார்த்த எண் 2.8.